என்ஜினெக்ஸ், குனிகோர்ன், ஜாங்கோ: பதிவேற்றப் பக்கத்தில் மட்டும் 400 பிழை

கொக்குவில் வாசகன்:

வணக்கம். எமது சனசமூக நிலைய வாசிகசாலையின் நூற்பட்டியலை பைதன் மொழியின் இணையச் சட்டகமான ஜாங்கோ 4.2 இல் எழுதி, ஒரு சிறிய வாடகை வழங்கியில் உபுண்டு 22.04 இன் மேல் இயக்கி வருகின்றோம். முன்னால் உலாவிகளின் கோரிக்கைகளை வாங்கும் என்ஜினெக்ஸ், பின்னால் ஜாங்கோவை இயக்கும் குனிகோர்ன், இரண்டும் பேசிக்கொள்ள இடையில் யுனிக்ஸ் சொக்கெட். எச்டிடிபிஎஸ் சான்றிதழை என்ஜினெக்ஸே கையாளுகிறது. நூல் தேடல், இரவல் பதிவு, உறுப்பினர் நுழைவு யாவும் ஒழுங்காக நடக்கின்றன.

ஊரவர்கள் தம்மிடமுள்ள அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) பாடசாலை மலர்களையும் ஸ்கான் செய்து நேரடியாக ஏற்றுவதற்கென அண்மையில் ஒரு பக்கம் சேர்த்தோம். 1 மெகாபைட்டைத் தாண்டும் கோப்பை என்ஜினெக்ஸ் இயல்பாகவே 413 (அளவு மிகப் பெரிது) என்று திருப்பிவிடும் என்பதால், அந்தப் பாதைக்கு மட்டும் தனி லொகேசன் தொகுதி எழுதி, அளவெல்லையை 40 மெகாபைட்டாக உயர்த்தினேன். ஏற்றம் எவ்வளவு முடிந்தது என்பதைத் திரையில் உடனுக்குடன் காட்டலாம் என்ற எண்ணத்தில், வழங்கியும் உலாவியும் தொடர்ந்து பேசும் வெப்சொக்கெட் இணைப்புக்குரிய ‘அப்கிரேட்’, ‘கனெக்சன்’ ஆகிய ஹெடர்களையும் (கோரிக்கையோடு செல்லும் தகவல் வரிகள்) ‘புரொக்சி செட் ஹெடர்’ கட்டளையால் அதே தொகுதியில் சேர்த்தேன். ‘ஹொஸ்ட்’, ‘எக்ஸ்-ரியல்-ஐபி’, ‘எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர்’, ‘எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோ’ ஆகிய நான்கும் மேலேயுள்ள சேர்வர் தொகுதியில் முன்பிருந்தே உள்ளன. அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது பின்னாலுள்ள குனிகோர்னுக்கு, என்ஜினெக்ஸில் இட்ட பெயர் ‘ஆப்_சேர்வர்’.

அதன்பின் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே வெள்ளைத் திரையில் 400 பிழை (தவறான கோரிக்கை) வருகிறது. வேறெந்தப் பக்கத்திலும் இல்லை. ஜாங்கோ ஏற்கும் தளப்பெயர்களைக் கொண்ட ‘அலவ்ட் ஹொஸ்ட்ஸ்’ பட்டியலில் எமது தளத்தின் பெயர் இருக்கிறது. எப்பெயரையும் ஏற்கும் நட்சத்திரக் குறியை அங்கே இட்டுப் பார்த்தும் பயனில்லை. என்ஜினெக்ஸின் பிழைப் பதிவிலும் குனிகோர்னின் பதிவிலும் ஒரு வரிகூட விழவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாராவது வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

வல்லைவெளி:

வணக்கம். அந்த 400 ஐ அனுப்புவது யார் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். திரையைக் கூர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். என்ஜினெக்ஸ் தானே திருப்பும் பிழைப் பக்கத்தில் எண் முதலில் வரும், எழுத்து நடுவில் நிற்கும், கீழே ஒரு கோடும் அதன் கீழ் என்ஜினெக்ஸ் என்ற பெயரும் இருக்கும். ஜாங்கோவின் பக்கத்தில் ‘பேட் ரிக்குவெஸ்ட்’ என்ற சொற்கள் முதலில் வந்து, 400 அடைப்புக்குறிக்குள் நிற்கும், வேறொன்றும் இராது. தாங்கள் ‘வெள்ளைத் திரை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், கோரிக்கை ஜாங்கோ வரை போய்த்தான் திரும்புகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் என்ஜினெக்ஸின் பிழைப் பதிவு வெறுமையாக இருப்பதில் வியப்பில்லை. அதன் பார்வையில் பின்னாலிருந்து ஒழுங்கான மறுமொழிதான் வந்திருக்கிறது.

குனிகோர்னின் பதிவு ஏன் பேசவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. டீபக் (பிழைதேடல்) நிலை அணைக்கப்பட்டிருக்கும்போது, ஜாங்கோ தன் பிழைச் செய்திகளை இயல்பாக நிர்வாகிகளுக்கு மின்னஞ்சலில் மட்டுமே அனுப்பும், கொன்சோலுக்கு எழுதாது. மின்னஞ்சல் அமைக்கப்படாவிட்டால் செய்தி எங்கேயும் போய்ச் சேராது. செட்டிங்ஸ் கோப்பின் லொக்கிங் பகுதியில் கொன்சோலுக்கு எழுதும் ஒரு ஹான்ட்லரைச் சேர்த்து, ஜாங்கோ லொக்கரை அதனுடன் இணைத்துவிட்டு குனிகோர்னை மீளத் தொடக்குங்கள்.

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். கட்டளைவரியிலிருந்து இணையப் பக்கத்தைக் கேட்கும் கேர்ள் கட்டளைக்கு யுனிக்ஸ் சொக்கெட் விருப்பம் உண்டு. அதன்மூலம் என்ஜினெக்ஸைத் தவிர்த்து, சொக்கெட்டுக்கே நேரடியாக, தளத்தின் உண்மையான பெயரை ஹொஸ்ட் ஹெடராகக் கொடுத்து, பதிவேற்றப் பக்கத்தைக் கேளுங்கள். அங்கே பக்கம் ஒழுங்காக வந்தால் செயலியில் குறையில்லை, இடையில்தான் ஏதோ மாறுகிறது என்று கொள்ளலாம். டீபக் நிலையைப் பொதுத்தளத்தில் இயக்கிப் பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிழைப் பக்கத்தில் செட்டிங்ஸின் பெரும்பகுதி ஊருக்கே தெரிந்துவிடும்.

கொக்குவில் வாசகன்:

மிக்க நன்றி. பிழைப் பக்கம் தாங்கள் விவரித்தபடி ஜாங்கோவினுடையதே. கேர்ள் மூலம் நேரடியாகக் கேட்டபோது 400 வரவில்லை. உறுப்பினர் நுழைவுப் பக்கத்துக்கு 302 ஆகத் திருப்பியது, அதுவே சரியான நடத்தை. லொக்கிங்கைச் சேர்த்த பின்னர் உலாவியில் திறந்தபோது, ஹொஸ்ட் ஹெடர் ‘ஆப்_சேர்வர்’ என்று வந்திருப்பதாகவும், அப்பெயர் களப்பெயர்களுக்கான ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய தரங்களின்படி செல்லாது என்றும் ஒரு வரி விழுந்தது. ஹொஸ்ட் வரி சேர்வர் தொகுதியில் இருக்கையில், அப்ஸ்ட்ரீமின் உட்பெயர் எவ்வாறு ஜாங்கோ வரை போகிறது?

பனங்கூடல்:

இது என்ஜினெக்ஸில் பலரையும் அலைக்கழிக்கும் இடம். ‘புரொக்சி செட் ஹெடர்’ வரிகள் மேல் தொகுதியிலிருந்து கீழ்த் தொகுதிக்கு இறங்குவது, கீழ்த் தொகுதியில் அதே கட்டளை ஒன்றுகூட இல்லாதபோது மட்டுமே. உள்ளே ஒரேயொரு வரி எழுதினாலும் மேலேயுள்ள அத்தனையும் அந்தத் தொகுதிக்கு இல்லாமற்போய்விடும். இரண்டும் ஒன்றாகச் சேர்வதில்லை. தாங்கள் பதிவேற்றத் தொகுதியில் அப்கிரேட், கனெக்சன் வரிகளை எழுதிய கணமே, மேலிருந்த நான்கு ஹெடர்களும் அந்தப் பாதைக்கு மட்டும் கழன்றுவிட்டன. ஹொஸ்ட்டுக்கு யாரும் மதிப்புச் சொல்லாதபோது என்ஜினெக்ஸ் தன் இயல்பு மதிப்பை, அதாவது கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் புரொக்சி பாஸ் வரியில் எழுதப்பட்ட பெயரை அனுப்பும். அதுதான் ‘ஆப்_சேர்வர்’. மறுமொழிகளுக்கான ‘அட் ஹெடர்’ கட்டளைக்கும் இதே விதிதான் என்பதால், பாதுகாப்பு ஹெடர்களை மேலே எழுதி வைத்திருப்பவர்கள் தமது லொகேசன் தொகுதிகளை ஒருமுறை பார்ப்பது நல்லது.

நட்சத்திரக் குறி ஏன் உதவவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஜாங்கோ பட்டியலோடு ஒப்பிடுவதற்கு முன்னரே பெயரின் வடிவத்தைச் சோதிக்கும். அடிக்கோடு அந்தச் சோதனையில் தேறாது. எனவே பட்டியலில் எதை எழுதினாலும் பெயர் அதுவரை போவதில்லை. சோதனை முடிந்துவிட்டதால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத் தளத்தின் பெயரையே மீள எழுதிவிடுங்கள்.

அடிக்கோட்டுக்குப் பதிலாக இடைக்கோட்டை இட்டு அப்ஸ்ட்ரீமின் பெயரை மாற்றும்படி சிலர் சொல்லக்கூடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நட்சத்திரம் இருக்கும்வரை 400 மறையும், ஆனால் எக்ஸ்-ஃபோர்வர்டட்-புரோட்டோவும் கழன்றிருப்பதால் கோரிக்கை வெறும் எச்டிடிபியில் வந்ததாக ஜாங்கோ நம்பும். படிவத்தை அனுப்பும்போது உலாவி ஒரிஜின் ஹெடரில் எச்டிடிபிஎஸ் முகவரியைத் தரும், ஜாங்கோவோ எச்டிடிபியோடு தொடங்கும் உட்பெயரை எதிர்பார்க்கும். 4.0 பதிப்பிலிருந்து இந்த ஒப்பீடு கட்டாயம் நடப்பதால் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் காப்பு) பிழையாக 403 வரும். பிறகு அதற்கென்று இங்கே இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

சரியான தீர்வு, நான்கு வரிகளையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, புரொக்சி பாஸ் இருக்கும் ஒவ்வொரு லொகேசன் தொகுதியிலும் இன்குளூட் செய்வது. உபுண்டு, டெபியன் பொதிகளில் ‘புரொக்சி_பராம்ஸ்’ என்ற பெயரில் அந்த நான்கையும் கொண்ட கோப்பு என்ஜினெக்ஸ் அமைப்புக் கோப்புறையில் ஏற்கெனவே இருக்கிறது; அதையே அழைக்கலாம். மாற்றிய பின்னர் என்ஜினெக்ஸ் கட்டளையைச் சிறிய டி விருப்பத்துடன் ஓட்டினால் இலக்கணப் பிழைகள் தெரியும். பெரிய டி விருப்பம் இன்குளூட் கோப்புகள் உட்பட முழு அமைப்பையும் விரித்துக் காட்டும். இத்தகைய பிழையில் சிறிய டி எல்லாம் சரியென்றே சொல்லும் என்பதால் பெரிய டியின் வெளியீட்டை வாசிப்பதே பயன் தரும்.

கரவெட்டியான்:

பனங்கூடல் சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் அந்த அப்கிரேட், கனெக்சன் வரிகள் அங்கே தேவையா என்று யாரும் கேட்கவில்லை. குனிகோர்ன் அதன் இயல்பான சிங்க் வேர்க்கருடன் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கையாளும் செயல்முறை), பைதன் செயலிகளுக்கான டபிள்யூஎஸ்ஜிஐ வழியில் ஜாங்கோவை இயக்குமானால் வெப்சொக்கெட் எவ்வகையிலும் வேலை செய்யாது. அதற்கு நீடித்த இணைப்புகளையும் கையாளும் ஏஎஸ்ஜிஐ வழியும் யூவிகோர்ன் அல்லது டாஃப்னி போன்ற வழங்கியும் வேண்டும். ஒரு வாசிகசாலைப் பக்கத்துக்காக அவ்வளவு தூரம் போவதை நான் விரும்ப மாட்டேன். கோப்பு ஏறும் விகிதத்தை உலாவியே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லும். வழங்கியைக் கேட்கத் தேவையில்லை. எனவே இரண்டு வரிகளையும் அழித்துவிட்டால் மேலுள்ள நான்கும் தாமாகவே இறங்கும். அதன் பிறகும் இன்குளூட் முறையை வைத்திருங்கள், நாளை வேறொருவர் அங்கே ஒரு வரி சேர்க்கக்கூடும்.

கொக்குவில் வாசகன்:

இரண்டு வரிகளையும் நீக்கி, புரொக்சி_பராம்ஸ் கோப்பை இரண்டு லொகேசன்களிலும் அழைத்தேன். பக்கம் திறக்கிறது, சில பக்கங்களே உள்ள கல்வெட்டு ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் பாடசாலை மலர் போன்ற பெரிய கோப்பு முழுவதும் ஏறிய பின்னர், அரை நிமிடமளவில் 502 வருகிறது. மறுமொழியின் ஹெடரை வாசிக்கையில் அப்ஸ்ட்ரீம் இணைப்பை முன்கூட்டியே மூடிவிட்டதாக என்ஜினெக்ஸ் பதிவு சொல்கிறது. கோப்பு வந்தவுடன் அதே கோரிக்கைக்குள் படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் எழுத்துணரியும் ஓடுகிறது. ஏற்றுபவர்கள் பலர் தீவகப் பக்கத்திலிருந்து கைத்தொலைபேசி இணைப்பில் வருவதால், இணைப்பின் மெதுவான வேகம்தான் காரணமோ என்றும் எண்ணுகிறேன்.

வல்லைவெளி:

இணைப்பின் மேல் பழி போட வேண்டாம். என்ஜினெக்ஸ் இயல்பாகக் கோரிக்கையின் உடல் முழுவதையும் தானே வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பின்னால் அனுப்பும். தீவகத்து ஊர்காவற்றுறையிலிருந்து கோப்பு எவ்வளவு மெதுவாக வந்தாலும் குனிகோர்னுக்கு அது தெரியாது. அரை நிமிடம் என்பதே அடையாளம்: குனிகோர்னின் இயல்பான காலவெல்லை 30 விநாடிகள், என்ஜினெக்ஸ் மறுமொழிக்குக் காத்திருக்கும் எல்லை 60 விநாடிகள். என்ஜினெக்ஸ் பொறுமையிழந்திருந்தால் 504 வந்திருக்கும். 502 வந்திருப்பதால், எழுத்துணரியில் மூழ்கியிருந்த வேர்க்கரைக் குனிகோர்னின் தலைமைச் செயல்முறை செயலிழந்ததாகக் கருதி நிறுத்திவிட்டது என்பது தெளிவு. குனிகோர்னின் பதிவில் அதே நேரத்தில் ‘வேர்க்கர் டைம்அவுட்’ என்ற வரி இருக்கும்.

காலவெல்லையை 300 விநாடிகளாக உயர்த்தினால் இன்றைய பிழை தீரும், ஆனால் ஒருவர் மலர் ஏற்றும் வேளையில் ஒரு வேர்க்கர் முழுதாக அடைபட்டிருக்கும். சிறிய வழங்கியில் இரண்டு பேர் சேர்ந்து ஏற்றினாலே நூல் தேடுபவர்கள் காத்திருக்க நேரிடும். கோரிக்கைக்குள் கோப்பைச் சேமித்து, தரவுத்தள வரிசையில் ‘நிலுவை’ என்று குறித்துவிட்டு உடனே மறுமொழி அனுப்புங்கள். எழுத்துணரியை ஜாங்கோவின் மேலாண்மைக் கட்டளையாக எழுதி, லினக்ஸின் சிஸ்டெம்டி டைமர் மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். செலரி, ரெடிஸ் போன்ற பணிவரிசை மென்பொருள்கள் எல்லாம் இந்த அளவுக்குத் தேவையில்லை. சிஸ்டெம்டி ஒரே சேவையை ஒரே நேரத்தில் இரண்டாக ஓட்டாது, ஆகவே பூட்டு எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சேவைக் கோப்பில் முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ் மதிப்பை 10 ஆக இட்டுவிடுங்கள், டெசராக்ட் ஓடும் வேளையிலும் தேடல் பக்கம் மந்தமாகாது.