பொருள்: ஓவர் எக்ஸ்பிரஷன் – மிகைப்பெருக்கமா, மிகுவெளிப்பாடா?

வணக்கம் அண்ணா, நீங்கள் அனுப்பிய சொற்களைப் பார்த்தேன்:

> பெருங்குடல் புற்றுக் கையேட்டுக்கு: ஆங்கோஜீன் – புற்றுநோய் மரபணு, ஓவர் எக்ஸ்பிரஷன் – மிகைப்பெருக்கம்.

ஆங்கோஜீன், அதாவது செல்லைப் புற்றாக்கும் ஜீனுக்கு, நீங்கள் போட்ட சொல் வேண்டாமே. தருமபுரியில் எங்கள் லேபுக்கு ரிப்போர்ட் வாங்க வருபவர்கள், "மரபணுன்னு போட்டிருக்கே, அப்ப பிள்ளைங்களுக்கும் வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். பெருங்குடல் புற்றில் நூற்றுக்குச் சுமார் 40 பேரிடம் கேராஸ் என்ற ஆங்கோஜீன் மாறியிருக்கும். அது கட்டியின் செல்லில் பிற்பாடு வந்த மாற்றம், பிள்ளைக்குப் போகாது. ஜீனை 'ஈனி' என்று எழுதுவோர் உண்டு. அதை வைத்துப் 'புற்றீனி' எனலாம்.

ஓவர் எக்ஸ்பிரஷன் என்பது ஒரு ஜீனின் புரதம் அளவுக்கு மீறி உண்டாவது. அதற்கு மிகைப்பெருக்கம் கூடவே கூடாது. பெருக்கம் என்றால் ஜீனின் படிகளே (நகல்களே) கூடிப்போவது, அதாவது ஆம்ப்ளிஃபிகேஷன். செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற ஜீன் விஷயத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. சாயமேற்றிய ஸ்லைடில் அதன் புரதம் மிகுந்த செல்களின் ஓரம் அடர்பழுப்பாகத் தெரியும். செல்களைப் பெருகவைக்கும் மிக் ஜீன் கதை வேறு. புற்றைத் தடுக்கும் ஏபிசி ஜீன் பழுதானால், பீட்டா கேட்டனின் என்ற புரதத்தைச் சிதைக்க ஆளில்லை. அது சேர்ந்து சேர்ந்து உட்கருவுக்குள் போய் மிக் ஜீனை முடுக்கிவிடுகிறது. படிகள் கூடாமலேயே புரதம் எக்கச்சக்கமாகிறது. இதைப் போய்ப் பெருக்கம் என்றால் எப்படி?

கேராஸ் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே புரதத்தின் அளவு அல்ல சிக்கல், மாறிய புரதம் ஓயாமல் வேலைசெய்வதுதான். 2017இல் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மதகு உடைந்ததே, அந்த மாதிரி: மூடவே முடியாது. மிக்கில் மதகு நன்றாகத்தான் இருக்கிறது, திறந்துவிடும் ஆள்தான் நிறுத்தமாட்டேன் என்கிறான்.

ஆகவே என் ஓட்டு 'மிகுவெளிப்பாடு'. 'அதீத' போட்டால் மேடைப்பேச்சு வாடை அடிக்கும்.

---

தம்பி,

புற்றீனி சரி. (வேகமாகச் சொன்னால் 'தீனி' என்று காதில் விழுகிறது, போகட்டும்.) 'புற்றூக்கி' என்று ஒருவர் சொன்னார், அது புகையிலைக்கும் பொருந்திவிடும் என்று விட்டுவிட்டேன்.

வெளிப்பாட்டில்தான் எனக்குத் தயக்கம். நோய் வெளிப்பட்டது என்றால் இங்கே கிருஷ்ணகிரியில் அறிகுறி தெரிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 'மரபணு வெளிப்பாடு' பாடநூலில் ஊறிப்போன சொல், அதோடு மல்லுக்கட்ட முடியாது. முதல்முறை வரும் இடத்தில் "புரதம் அளவுக்கு மீறி உண்டாதல்" என்று விளக்கிவிட்டு, அப்புறம் மிகுவெளிப்பாடு என்றே போகிறேன். எதிர்ச்சொல்லுக்குக் 'குறைவெளிப்பாடு' ஒத்துவருகிறது. பெருக்கத்தைப் படிப்பெருக்கம் என்றே தனியாக வைத்துக்கொள்கிறேன்.

கையேட்டின் ஹெர்2 பத்தியை மட்டும் திருத்தி அனுப்பு, அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.