தோழி ஒருத்தியா, நாலு பேரா?

வணக்கம். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், நல்லூரில் மண்டபம் எடுத்தாயிற்று. ஐயர், சமையல், நாதஸ்வரம் எல்லாம் சரி. தோழன், தோழி விஷயத்தில்தான் வீட்டில் ஒரே இழுபறி.

எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி தோழன் பெண்ணின் சகோதரன், தோழி மாப்பிள்ளையின் சகோதரி, அதாவது பெண்ணுக்கு மச்சாள். வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்குவது தோழன். எங்களுக்கோ ஆண் சகோதரம் இல்லை. சித்தப்பாவின் மகன் இருக்கிறான், வயது ஒன்பது. தலைப்பாகை கட்டினால் மூக்கு வரைக்கும் இறங்கிவிடும்! சின்னப் பெடியனை நிற்பாட்டலாமா, அல்லது வயது வந்த பெரியம்மா மகனைக் கேட்பதா?

அடுத்தது, தங்கைக்குத் தன் சிநேகிதிகள் நாலு பேரும் ஒரே நிறச் சேலையில் கூடவே வரவேண்டுமாம். "தோழி எண்டால் ஒருத்திதான், அது மச்சாள்" என்று அம்மம்மா பிடிவாதம். மணவறையில் தாலி கட்டும்போது மச்சாளே நிற்கட்டும் என்பது என் எண்ணம். சிநேகிதிகளுக்குக் கூறைச் சேலை வைத்த தட்டம் தூக்குவது, ஆரத்தி எடுப்பது என்று ஏதாவது வேலை கொடுக்கலாமா? அழைப்பிதழில் அவர்களை என்னவென்று போடுவது? 'மணமகளின் தோழியர்' என்றால் மச்சாள் கோபிப்பாவோ?

இப்படிச் சமாளித்தவர்கள் சொல்லுங்கோ. அழைப்பிதழ் அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது.