பெர்லின் ஃபில்ஹார்மோனிக் சீசன் ஓப்பனிங்: முதல் பாதி புது மியூசிக்காம், தாங்குமா?

பெர்லின்_புதுசு:
இங்க வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆகஸ்ட் கடைசில ஓப்பனிங் கச்சேரிக்கு ஆபீஸ் ஃப்ரெண்டு மூலமா ஒரு டிக்கெட் கிடைச்சிருச்சு, ஆனா போடியம்னு போட்டிருக்கு, அது ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னாடியாமே? பீத்தோவன், மொசார்ட் ஓரளவு கேட்டிருக்கேன். முதல் பாதில இப்ப உயிரோட இருக்கறவர் ஒருத்தரோட பீஸ், அவரோட வேற ஒண்ணை யூட்யூப்ல போட்டா பாத்திரக்கடைல பூனை புகுந்த மாதிரி இருக்கு. இன்டர்வலுக்கு அப்புறமா போனா தப்பா?

டமாரம்:
அய்யோ அப்படிப் பண்ணாதீங்க. நீங்க இப்படி யோசிப்பீங்கன்னுதான் புதுசை முன்னாடி வைக்கறதே, பின்னாடி வச்சா பாதி ஹால் கோட்டை மாட்டிட்டு கிளம்பிடும். 2002 செப்டம்பர்ல சைமன் ராட்டில் அங்க சீஃப் கண்டக்டரா, அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்தறவரா, முதல் கச்சேரி பண்ணப்பவும் இதே கதைதான், முதல்ல தாமஸ் அடெஸ்ங்கற இந்தக் காலத்து கம்போஸரோட அசைலா, அப்புறம் மாலரோட அஞ்சாவது சிம்ஃபனி. அசைலா 1997ல வந்தது, அதுல மூணாவது மூவ்மென்ட், அதாவது மூணாவது பகுதி, டெக்னோ கிளப் மாதிரி அடிச்சு நொறுக்கும், அதையும் பெர்லின்காரன்கிட்டயே போய் வாசிச்சிருக்காங்க பாருங்க! அரை ஸ்வரத்துலயும் பாதி இறக்கி ட்யூன் பண்ண பியானோ, மாட்டு மணி எல்லாம் வரும். ரெண்டு தடவை ஹெட்ஃபோன்ல கேட்டுட்டுப் போங்க, காது பழகிடும்.

மூணாம்_வரிசை:
போடியமா, கொடுத்து வச்சவர். கண்டக்டர் மூஞ்சியை நேருக்கு நேர் பாக்கலாம், யாரைப் பாத்து முறைக்கறார்ங்கற வரைக்கும் தெரியும். 1963ல திறந்த ஹால், ஷாரூன்ங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன், மேடையைச் சுத்தி நாலு பக்கமும் திராட்சைத் தோட்டப் பாத்தி மாதிரி சீட்டு. என்ன, ட்ரம்மும் ட்ராம்போனும் பக்கத்துலயே இருக்கும், வயலின் கொஞ்சம் அமுங்கித்தான் கேக்கும். பெரிய கோரஸ் இருந்தா அங்க அவங்கதான் நிப்பாங்க, டிக்கெட் விக்க மாட்டாங்க.

பழைய_காது:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். 2019ல கிரில் பெட்ரென்கோ சீஃப் கண்டக்டரா வந்த ஓப்பனிங்ல பீத்தோவனோட ஒன்பதாவது சிம்ஃபனிக்கு முன்னாடி, பெர்க்ங்கற கம்போஸர் தன்னோட லுலு ஆபராலேர்ந்து எடுத்துத் தொகுத்த லுலு சூட். அது 1934லயே இதே ஊர்ல அரங்கேறினது, 85 வருஷம் கழிச்சும் மாடர்ன்னு சொல்லி பயப்படறாங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, ஒண்ணும் குடி முழுகாது, ஆனா உக்காந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம் மூவ்மென்ட்டுக்கு நடுவுல கை தட்டாதீங்க, கண்டக்டர் கையை இறக்கட்டும்.

பெர்லின்_புதுசு:
தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டித் தட்டியே வளர்ந்த கை சார் இது, அதுவும் கண்டக்டர் கண்ணுக்கு நேரா உக்காந்து! சரி, முதல்லயே போறேன். அசைலா ஓடிட்டிருக்கு, ரூம்மேட் கதவைத் தட்டறான்.