லைசென்ஸ் வாங்கி மூணு வாரம்தான் ஆச்சு, அதுக்காக தப்பு எங்க மேலயா?

காரைக்குடில இருந்து எழுதுறேன். தங்கச்சி வெள்ளிக்கிழம கழனிவாசல் பக்கம் மெயின் ரோட்டுல நேரா கார்ல வந்துக்கிட்டு இருந்தா, இடது பக்க சந்துல இருந்து ஒரு பைக் நிக்காம வந்து முன் கதவுல இடிச்சிருச்சு, பைக்ல வந்தவருக்கு கை எலும்பு முறிஞ்சிருக்கு. கண்ணாடில எல் ஸ்டிக்கர இன்னும் கிழிக்கல. அதப் பாத்ததும் கூட்டமே "பழகுற புள்ள கைல வண்டியக் குடுத்தா இப்படித்தான்"னு முடிவு கட்டிருச்சு. ஸ்டேஷனுக்குப் போகாம எழுபதாயிரத்துல முடிச்சுக்கலாம்ங்கிறாங்க. புள்ள மூணு நாளா சரியா சாப்பிடல. குடுத்துறலாமா?

பதில் 1:
குடுக்காதீங்க தம்பி. நான் விபத்து கேஸ் பாக்குற வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன். கார் லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே அது முழு லைசென்ஸ்தான், புதுசு பழசுன்னு சட்டத்துல கிடையாது. லைசென்ஸே இல்லாம ஓட்டுன பையன் கேஸ்லயே, அந்த ஒண்ண மட்டும் வச்சு அவன் மேலயும் தப்புன்னு சொல்ல முடியாதுன்னு 2008ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு. எப்படி ஓட்டுனாங்கங்கிறதுதான் கேள்வி. சந்துல இருந்து மெயின் ரோட்டுல ஏறுறவங்கதான் நின்னு வழி விடணும், 2017 விதியிலயே இருக்கு. ஆனா தங்கச்சி வேகமா வந்திருந்தா விபத்து நஷ்டஈட்ட முடிவு பண்ற தீர்ப்பாயம் தப்ப ரெண்டு பேருக்கும் பிரிச்சுப் போடும், அதையும் சொல்லிர்றேன். விபத்து நடந்த இடத்த வரையுற போலீஸ் ஸ்கெட்ச், வண்டியச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், கதவுல எந்த இடத்துல அடி, இதெல்லாம்தான் பேசும். அடி கதவுலன்னா பைக்தான் வந்து இடிச்சிருக்குங்கிறதுக்கு அது நல்ல சாட்சி, டிங்கரிங் பண்ணிறாதீங்க. 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லிருக்கணும், இனிமேலும் தள்ளாதீங்க, இன்சூரன்ஸுக்கும் இன்னைக்கே சொல்லுங்க.

பதில் 2:
அண்ணே சொல்றது சத்தியம். எங்கப்பா ரோட்டுலயே முப்பதாயிரம் குடுத்தாரு, எழுதி வாங்கல, நாலு மாசம் கழிச்சு நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வந்துச்சு, இன்சூரன்ஸ்காரங்க ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேட்டப்ப அப்பாவால பதிலே சொல்ல முடியல. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

பதில் 3:
எல்எல்ஆர்ல, அதாவது பழகுறவங்களுக்குக் குடுக்குற லைசென்ஸ்ல, இருந்தா மட்டும் கதை வேற, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா இன்சூரன்ஸ் அடிபட்டவருக்குக் குடுத்துட்டு வண்டி ஓனர்கிட்ட திருப்பிக் கேக்கலாம். தங்கச்சிக்கு அந்தப் பயம் வேணாம். பக்கத்துக் கடை கேமராவப் பாத்தீங்களா? சில நாள்ல பழைய பதிவு அழிஞ்சிரும்.

கேட்டவர்:
இப்பத்தான் மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்தேன். பதிவு இருக்கு. பைக் சந்து முனைல நிக்கவே இல்ல, தங்கச்சி வண்டில பிரேக் லைட் எரியறது தெளிவாத் தெரியுது. பென்டிரைவ்ல வாங்கிட்டேன். வீட்டுல போட்டுக் காட்டுனதும் அவ வாய்விட்டு அழுதுட்டா. காலைல அவளையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன், அப்படியே ஆஸ்பத்திரில அவரையும் ஒரு எட்டு பாத்துட்டு வரணும்.