முகத்துவாரத்திலும் கல் தடுப்பிலும் எந்த இரை, எந்த லூர்?

புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். குளம், ஏரி என்று நல்ல தண்ணீரில் தூண்டில் போட்டுப் பழகியவன், இப்போதுதான் உப்புத் தண்ணீர்ப் பக்கம் வந்திருக்கிறேன். படகு கிடையாது, கரையில் நின்றுதான் வீச வேண்டும். ஒரு முகத்துவாரம், அதை ஒட்டிக் கல் கொட்டிய தடுப்பு, உள்ளே தள்ளிப் போனால் அலையாத்தி மரங்கள் நிற்கிற ஓடை, இந்த மூன்றும்தான் எனக்கு எட்டும் இடங்கள். ராட் ஏழு அடி, மீடியம். ரீல் 3000 சைஸ், 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய) நூல்.

செத்த இறாலைக் கோத்து அடியில் போட்டால் கெளுத்தியும் விரல் நீளப் பொடி மீனும்தான் வருகின்றன. பாதி நேரம் முள் வெறுமையாகவே திரும்புகிறது. கொடுவா மீனும் பாறை மீனும் அங்கே இருக்கின்றன, சந்தேகமே இல்லை, சாயங்காலம் பொடி மீன் கூட்டம் தண்ணீருக்கு மேல் சிதறி ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். சரி, லூர், அதாவது செயற்கை இரை வாங்குவோம் என்று பார்த்தால் பாப்பர், மின்னோ, வைப், மெட்டல் ஜிக், ரப்பர் மீன் என்று போய்க்கொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இருபது கலர். இறால் மாதிரி இயற்கை இரையிலேயே நிற்பதா, லூருக்குப் போவதா? லூர் என்றால் எதில் ஆரம்பிப்பது, என்ன எடை, என்ன கலர்?

ஓதக்கரை:

நண்பரே, இரையா லூரா என்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். நீங்கள் சொல்கிற மூன்று இடமும் கடல் நீரின் ஏற்றம் வற்றத்தை வைத்து நடப்பவை. தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரத்தில் எதைப் போட்டாலும் கெளுத்திதான் வந்து முகரும். தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் பொடி மீனும் இறாலும் நிலை தடுமாறும், பெரிய மீன் அதற்காகத்தான் காத்திருக்கும். அலையாத்தி ஓடையில் வற்றத்தின்போது சின்னச் சின்னக் கால்வாய்கள் வடிந்து பிரதான ஓடையில் விழும் இடங்களைத் தேடுங்கள். உள்ளே மேய்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா அந்த வாய்க்கு ஓரமாக, ஓட்டம் நேராக அடிக்காத ஒதுக்கத்தில் நிற்கும். ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்காது.

அடுத்து, அங்கே என்ன இரை ஓடுகிறது என்று பாருங்கள். தடுப்புக் கல்லில் நின்று கீழே குனிந்து பார்த்தால் தெரியும். மேல் தண்ணீரில் மடவைக் குஞ்சு வாய் திறந்து திறந்து போகிறதா, வெள்ளிப் பொடி கூட்டமாகத் திரும்பும்போது பளிச்சென்று அடிக்கிறதா, இரவில் டார்ச் அடித்தால் இறாலின் கண் சிவப்பாக மின்னுகிறதா? எது நிறைய ஓடுகிறதோ அதே உருவம், அதே நீளம், அதுதான் உங்கள் இரை. விரல் நீளப் பொடியைத் தின்றுகொண்டிருக்கும் பாறைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சாண் லூரைப் போட்டால் பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது.

செத்த இறால் விஷயம். கெளுத்தி வாசனையைப் பிடித்து அடியோடு வருகிற மீன். நீங்கள் வாசனையுள்ள இரையை அடியில் கிடத்தி வைத்தால் முதலில் வருவது அதுதான். அதே இறாலை மிதவை கட்டி அடியிலிருந்து இரண்டு மூன்று அடி மேலே தொங்கவிட்டு ஓட்டத்தோடு போகவிடுங்கள், கெளுத்தித் தொல்லை கண்டிப்பாகக் குறையும். பொடி மீன் கொத்திக்கொண்டு போவதற்கு இறாலின் சதை மென்மையாக இருப்பதுதான் காரணம். கணவாயைப் பட்டையாக வெட்டிக் கோத்தால் அவ்வளவு சீக்கிரம் பிய்யாது. இறால்தான் போட வேண்டும் என்றால் உரித்து உப்புத் தூவி ஒரு ராத்திரி குளிரில் வையுங்கள், தண்ணீர் வடிந்து சதை இறுகிவிடும். மத்தி மாதிரி எண்ணெய் மீனைத் தோலோடு நீளவாக்கில் வெட்டிப் போடுவதும் நல்லது, முள் தோல் வழியாக ஏறி வர வேண்டும், வெறும் சதையில் நிற்காது.

எந்த இரையானாலும் முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். நிறைய பேர் முள்ளையே மறைத்துவிடுகிறார்கள், அப்புறம் கடி வந்தும் மீன் மாட்டவில்லை என்கிறார்கள்.

வீச்சுக்காரன்:

ஓதக்கரை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் லூர் பக்கம் பேசுகிறேன். மீன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இரையைப் போட்டுக் காத்திருக்கலாம். தெரியாதபோது தேட வேண்டும், தேடுவதற்கு லூரை விடச் சிறந்தது எதுவும் இல்லை. ஒரு இறாலை ஊற வைக்கிற நேரத்தில் அந்தத் தடுப்பு முழுவதையும் வீசித் தீர்த்துவிடலாம்.

ஒன்றே ஒன்று வாங்குங்கள் என்றால் நான் சொல்வது 3 அல்லது 4 அங்குல ரப்பர் மீன், வால் துடுப்பு மாதிரி அகன்றது, ஜிக் ஹெட்டோடு, அதாவது முள்ளோடு சேர்ந்த எடைத் தலையோடு. மேல், நடு, அடி எல்லாத் தண்ணீரிலும் ஓட்டலாம், கொடுவா, பாறை, சங்கரா, சீலா எல்லாமே அடிக்கும். கலரை விட எடையில்தான் கவனம் வேண்டும். ஆழம் குறைந்த ஓடைக்கு 5 முதல் 7 கிராம். முகத்துவார ஓட்டத்தில் அது அடி தொடாமல் அடித்துக்கொண்டு போய்விடும், அங்கே 14, 21 வரை போக வேண்டி வரும். அடியை உணர முடிகிற எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதைப் போடுங்கள். கனம் குறைந்தால் மெதுவாக இறங்கும், மெதுவாக இறங்கும் நேரத்தில்தான் கொடுவா அடிக்கும்.

கோக்கும் விதம் முக்கியம். ரப்பரை ஜிக் ஹெட்டின் பக்கத்தில் வைத்து முள் வளைவு எந்த இடத்துக்கு வருகிறது என்று நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். மூக்கின் நட்ட நடுவில் குத்தி, உடம்பின் நடுவிலேயே முள்ளை ஓட்டி, அந்தக் கீறலில் வெளியே எடுங்கள். பக்கவாட்டில் நேர்கோடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுருங்கியோ வளைந்தோ இருந்தால் தண்ணீரில் சுற்றும், சுற்றுகிற லூரை மீன் தொடாது, நூலும் முறுக்கிக்கொள்ளும். காலடித் தண்ணீரில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வீசுங்கள்.

வீசிய பிறகு இறங்கவிடுங்கள், நூலை முழுக்கத் தளர்த்தாமல் லேசான பிடியில் வைத்து நூலையே பாருங்கள். அடி தொடும் முன்பே நூல் திடீரென்று தளர்ந்தாலோ, ஒரு பக்கமாக வெடுக்கென்று நகர்ந்தாலோ அது கடி. கை உணர்வதற்கு முன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இறங்கியதும் ராட் நுனியை இரண்டு தட்டு தட்டித் தூக்கி, மறுபடி இறங்கவிட்டு, மிச்ச நூலைச் சுற்றுங்கள். பாறைக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, அதற்கு வேகமாகச் சுற்ற வேண்டும். அது துரத்துகிற மீன், தப்பி ஓடுவதைப் பார்த்தால் இன்னும் வெறியாக வரும்.

கலர்: தெளிந்த தண்ணீருக்குக் கண்ணாடி மாதிரியோ வெள்ளியோ இயற்கை நிறமோ. கலங்கலுக்கு வெள்ளை, பளிச் மஞ்சள் பச்சை, தங்க நிறம். இருட்டுக்குக் கறுப்பு அல்லது அடர் ஊதா, ஏனென்றால் கீழிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு நிழலுருவம்தான் தெரியும். சிவப்பு நிறம் தண்ணீரில் முதலில் மங்கிப் போகும், ஆழத்தில் அது சாம்பல்தான். மூன்று கலருக்கு மேல் வாங்காதீர்கள், மிச்சப் பணத்தில் வேறு வேறு எடையில் ஜிக் ஹெட் வாங்குங்கள்.

மடவைக்குஞ்சு:

லூரைப் பற்றி நண்பர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் கலங்கல் தண்ணீரிலும் ராத்திரியிலும் உயிர் இரைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. கண் வேலை செய்யாத இடத்தில் மீன் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டால் அதிர்வை உணர்கிறது, உயிரோடு தடுமாறுகிற ஒரு மடவை கொடுக்கிற அதிர்வை ரப்பரால் முழுசாகக் கொடுக்க முடியாது. மழைக்குப் பிறகு ஓடை பழுப்பாக ஓடும்போது நான் ராட்டில் லூரைக் கட்டுவதே இல்லை.

கோப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மடவையை ஓட்டத்தில் நிறுத்துவதாக இருந்தால் மேலுதட்டில் முள் ஏற்றுங்கள், அப்போதுதான் தண்ணீரை எதிர்த்து நேராக நிற்கும். மிதவைக்குக் கீழே என்றால் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பைத் தொடாமல் மேலாக. உயிர் இறாலுக்குத் தலைக் கொம்புக்குக் கீழே ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும் பாருங்கள், அதைக் குத்தினால் அந்தக் கணமே செத்துவிடும், அதற்கு முன்னால் கொம்பின் அடியில் மட்டும் குறுக்காக ஏற்ற வேண்டும். தூரமாக வீச வேண்டும் என்றால் கொம்பில் நிற்காமல் பிய்ந்துவிடும், வால் பக்கம் ஏற்றுங்கள்.

முள் சின்னதாக, மெல்லிய கம்பியாக இருக்கட்டும். தடித்த முள் இரையைக் கனத்தாலேயே கொன்றுவிடும். நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் பயன்படுத்தினால் கடி வந்ததும் வெட்டி இழுக்கக் கூடாது. மீன் வாங்கிக்கொண்டு நகர்ந்து நூல் இறுகும் வரை காத்திருந்து, சீராகச் சுற்றத் தொடங்கினால் போதும், அதுவே வாயோரத்தில் மாட்டும். நல்ல தண்ணீரில் வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும்.

இரையை உயிரோடு வைப்பது தனி வேலை. ஒரு வாளியில் நிறைய போட்டு அடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், ஒரு சின்ன பேட்டரி ஏரேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சோர்ந்து பக்கவாட்டில் சாய்ந்த இரையை முதலில் எடுத்துப் போடுவது நிறைய பேர் வழக்கம், நான் துடிப்பானதைத்தான் முதலில் போடுவேன்.

புதுத்தூண்டில்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சாயங்காலம் பொடி சிதறுகிற நேரத்தில் பாப்பர் போடலாமா, இல்லை அப்போதும் ரப்பர்தானா? அப்புறம் சீலா வந்தால் நூலை அறுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள், அதற்குக் கம்பி லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டுகிற துண்டு) கட்ட வேண்டுமா?

வீச்சுக்காரன்:

பாப்பர் தாராளமாகப் போடுங்கள், தண்ணீருக்கு மேலே சத்தத்தோடு தெறித்து வருகிற லூர் அது, அந்த நேரத்துக்காகவே செய்தது. 7 முதல் 9 சென்டிமீட்டர் உங்கள் ராட்டுக்குச் சரியாக இருக்கும். கூட்டத்தின் நடுவில் போட்டுக் கலைக்காமல், அது நகர்கிற திசையில் தாண்டி வீசி ஓரமாக இழுத்து வாருங்கள். மேலே தண்ணீர் தெறித்த உடனே வெட்டி இழுக்காதீர்கள், மீனின் கனம் ராட்டில் தெரிந்த பிறகுதான். அடித்துவிட்டுத் தவறவிட்டால் பாப்பரை அப்படியே நிறுத்துங்கள், திரும்பி வந்து எடுக்கிற மீன் நிறைய. இரண்டு மூன்று முறை வந்தும் வாயில் எடுக்கவில்லை என்றால் அதே இடத்தில் ரப்பரையோ, மேலாக ஓடுகிற ஒரு மின்னோவையோ (சின்ன மீன் உருவ லூர்) போடுங்கள். மேலே வரத் தயங்குகிற மீன் ஒரு முழம் கீழே எடுத்துவிடும். காற்று அடித்து அலை பொங்குகிற சாயங்காலத்தில் பாப்பரின் சத்தம் எடுபடாது, அப்போதெல்லாம் கனத்த உலோக லூரான மெட்டல் ஜிக்தான், காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும்.

லீடருக்கு எப்போதும் கம்பி வேண்டாம். கம்பி கட்டினால் சின்ன லூரின் ஆட்டம் செத்துவிடும், தெளிந்த தண்ணீரில் மற்ற மீன்களும் ஒதுங்கும். கொடுவாவுக்குப் பல் பயம் இல்லை, ஆனால் வாய் அரம் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு கத்தி, அதனால் 30 முதல் 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நூலை இரண்டு மூன்று அடிக்குக் கட்டுங்கள். கல்லில் உரசுவதற்கும் அதுதான் காப்பு. சீலா தொடர்ந்து அறுக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒரு சாண் மெல்லிய கம்பியைச் சேருங்கள். லூரை இறுக்கமான முடிச்சில் கட்டாமல் சின்னக் கண்ணி விட்டுக் கட்டுங்கள், ஆட்டம் தாராளமாக வரும்.

ஓதக்கரை:

ஒன்று விட்டுப் போச்சு. நல்ல தண்ணீருக்கு வாங்கிய பழைய லூர்களை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அவற்றின் மூன்று கவை முள்ளை முதலில் மாற்றுங்கள். அந்த மெல்லிய முள்ளை ஒரு நல்ல பாறை நிமிர்த்திவிடும், உப்பில் துருவும் ஏறும். நான் எல்லா மின்னோவிலும் பாப்பரிலும் தடித்த ஒற்றை முள்தான் போடுகிறேன். கல்லில் மாட்டுவது குறைகிறது, திருப்பி விட வேண்டிய மீனைச் சேதமில்லாமல் கழற்றவும் முடிகிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன், ரொம்பப் பெரியதாக வருவது அநேகமாக முட்டைக்காரிதான், அதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முள்ளை மாற்றும்போது எடை மாறி லூரின் மிதப்பு மாறும், ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் லூர், ரீல், ராட் வளையம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வேறு வேறு வகை ரப்பர் மீன்களை ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள், சில வகைகள் ஒன்றோடொன்று பட்டால் உருகி ஒட்டிவிடும்.

கெளுத்தி வந்துகொண்டுதான் இருக்கும். அதன் முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் விஷம், வெறுங்கையால் பிடிக்காமல் நீண்ட மூக்கு ப்ளையரால் தூண்டில் முள்ளைப் பிடித்து உதறுங்கள். குத்திவிட்டால் தோல் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், வலி இறங்கும், முள் துண்டு உள்ளே நின்றிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.