கேமரா கார்டு காப்பி ஓடும்போது சர்வர் உறைந்துவிடுகிறது, க்யூவைப் பெரிதாக்கியும் சரியாகவில்லை

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

எல்லோருக்கும் வணக்கம். சிம்மக்கல் பக்கம் கல்யாண ஃபோட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சர்வரை நானே கட்டினேன், நானே பார்த்துக்கொள்கிறேன், அதனால் கேள்வி மட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு 22.04, 16 ஜிபி ரேம். சிஸ்டத்துக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி. வீடியோக்கள் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில், 7200 ஆர்பிஎம். பில்லிங் டேட்டாபேஸும் அதே ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கிறது. எடிட்டர்கள் மூன்று பேரும் நெட்வொர்க் வழியாக அதிலிருந்தே வேலை பார்க்கிறார்கள்.

வைகாசி முகூர்த்தம் என்பதால் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. மண்டபத்திலிருந்து பையன்கள் வந்து 128 ஜிபி கார்டு இரண்டைச் செருகி காப்பி போட்டால் போதும், கடையே நின்றுவிடும். எடிட்டர்களுக்கு டைம்லைன் நகராது. ஒரு பில் சேமிக்க 20, 30 விநாடி ஆகிறது. நேற்று அட்வான்ஸ் கட்ட வந்த பெரியவர், "ஏம்ப்பா, ரசீது போடவும் நல்ல நேரம் பாக்குறியா?" என்று கேட்டேவிட்டார்.

ஒரு வீடியோவில் "க்யூ, அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசை, பெரிதாக இருந்தால் டிஸ்க் வேகமாக ஓடும்" என்றார்கள். அதில் சொன்னபடி, வரிசையின் அளவான என்ஆர்_ரிக்வெஸ்ட்ஸை 64-லிருந்து 1024 ஆக்கினேன், டபிள்யூபிடி_லாட்_யுசெக் என்ற இன்னொரு எண்ணை 0 ஆக்கினேன். அதற்கு முன்னால் பில்லுக்கு 10 விநாடிதான் ஆனது, இப்போதுதான் 30. டாப்பில் பார்த்தால் சிபியூ சும்மா இருக்கிறது, ஆனால் லோடு ஆவரேஜ் 14. டிமெசெக் என்ற சிஸ்டம் பதிவில் ஜெபிடி2 என்ற ஒன்று 120 விநாடிக்கு மேல் முடங்கியதாக ஒரு வரி இருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா?

கோரிப்பாளையம்2:

டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரை நன் (எதுவும் வேண்டாம்) என்று மாற்றிவிடுங்கள் அண்ணே. லினக்ஸின் மையமான கர்னல் நடுவில் புகுந்து வரிசைப்படுத்துவதே வீண் வேலை. என் லேப்டாப்பில் நன் தான், பறக்கிறது.

திருநகர்_சிசாட்மின்:

கோரிப்பாளையம் தம்பி, உங்கள் லேப்டாப்பில் இருப்பது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. அதில் ஓடுகிற தலை கிடையாது, வன்பொருளிலேயே பல வரிசைகள் உண்டு, அதற்கு நன் பொருத்தம். இவரிடம் இருப்பது சுழல்கிற தட்டு. 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. தலை நகர்கிற நேரமும் சேர்ந்தால், சிதறிய கோரிக்கைகளை விநாடிக்கு நூறு முடித்தாலே பெரிய விஷயம்.

பெரியார் நிலையத்திலிருந்து திருநகர் வருகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம் என்று வழியில் வருகிற வரிசையில்தான் இறக்கிவிடும். டிக்கெட் வாங்கிய வரிசையில் இறக்கினால் ஒரு நடைக்குப் பகல் முழுக்கப் போய்விடும். ஷெட்யூலர் செய்வது அதைத்தான். டிஸ்க்கும் தன் பங்குக்கு உள்ளே 32 கோரிக்கைகளை வைத்து வரிசை மாற்றிக்கொள்ளும், ஆனால் அந்த 32-க்கு வெளியே நிற்பதை அது பார்க்காது.

ஸ்டுடியோ அண்ணே, டிஸ்க்கை இப்போதே குறை சொல்ல வேண்டாம். இரண்டு விஷயம் போடுங்கள். காப்பி ஓடும்போது, டிஸ்க் வேலையை அளக்கிற ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு 5 விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு ஒரு வரி. அப்புறம் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில், பழுதுகளை எண்ணும் 5, 197, 199 எண்களுக்கு நேரே கடைசியில் என்ன இருக்கிறது என்று.

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

ஸ்மார்ட்டில் மூன்றுக்கும் 0.

ஐஓஸ்டாட்: விநாடிக்கு எழுதுவது 95 கோரிக்கை, 40 எம்பி. வரிசை நீளம் 900 சொச்சம். எழுத்துக் காத்திருப்பு 9,600 மில்லிவிநாடி. வாசிப்புக் காத்திருப்பு 380. யுட்டில் (டிஸ்க் வேலையாக இருந்த நேரம்) 100 விழுக்காடு. ஷெட்யூலர் எம்க்யூ-டெட்லைன். அதை நான் தொடவில்லை, முதலிலிருந்தே அப்படித்தான்.

திருநகர்_சிசாட்மின்:

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. வரிசையில் 900 பேர், விநாடிக்கு 95 பேர் வெளியே போகிறார்கள். 900-ஐ 95-ஆல் வகுத்தால் ஒன்பதரை விநாடி. ஐஓஸ்டாட் காட்டுகிற 9,600 மில்லிவிநாடி அதுவேதான். 1961-லேயே நிரூபிக்கப்பட்ட லிட்டில் விதி இது, டிஸ்க்குக்கும் பொருந்தும், ரேஷன் கடைக்கும் பொருந்தும். நீங்கள் 1024 என்று போட்டதால் டிஸ்க் 95-க்கு மேல் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. வெளியே நின்ற கூட்டத்தை உள்ளே விட்டதுதான் நடந்தது.

அதில் பில் எப்படி மாட்டுகிறது? எம்க்யூ-டெட்லைன் வாசிப்பு, எழுத்து என்று இரண்டாகத்தான் பிரிக்கும். வாசிப்புக்குக் கெடு 500 மில்லிவிநாடி, எழுத்துக்கு 5,000. வாசிப்புக்கே முன்னுரிமை. உங்கள் பில்லிங் மென்பொருள் "டிஸ்க்கில் உறுதியாக எழுதியாச்சா?" என்று எஃப்சிங்க் போட்டு நிற்கிறது. அந்தச் சின்ன எழுத்தும் கல்யாண வீடியோவின் பெரிய எழுத்துகளும் ஒரே வரிசை. இதில் பில்லுக்கு ஒரு தடவை எழுதினால் போதாது. டேட்டா, ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு), கமிட் (முடிந்தது என்ற முத்திரை) என்று அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். ஒன்பதரையை மூன்றால் பெருக்குங்கள், உங்கள் 30 விநாடி வந்துவிடும். டிமெசெக்கில் கண்ட ஜெபிடி2 தான் உங்கள் டிஸ்க்கின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4-இன் ஜர்னல் எழுத்தர், அவரும் அதே கூட்டத்தில்தான் நின்றிருக்கிறார்.

லோடு ஆவரேஜைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிஸ்க்குக்காகத் தூங்குகிற வேலைகளையும் லினக்ஸ் அதில் சேர்த்து எண்ணும்.

நீங்கள் அணைத்த டபிள்யூபிடி என்பது பின்னணி எழுத்துகளை மட்டுப்படுத்துகிற காவல்காரர். 4.10 கர்னலில் வந்தது. வாசிப்புகள் தாமதமாவதைக் கண்டால் எழுத்தைப் பிடித்து நிறுத்தும். சுழல்கிற டிஸ்க்குக்கு அதன் இயல்பு அளவு 75,000 மைக்ரோவிநாடி. ஆக, கூட்டத்தையும் உள்ளே விட்டு வாசலில் நின்ற காவலையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அந்த வீடியோக்காரர் என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அளந்து பார்த்து: என்ஆர்_ரிக்வெஸ்ட்ஸ் மறுபடி 64. டபிள்யூபிடியில் -1 எழுதினால் இயல்பு அளவுக்குத் திரும்பிவிடும். இதை முதலில் முடித்துவிட்டு எழுதுங்கள்.

மேலூர்க்காரன்:

நடுவில் நுழைகிறேன். காப்பி கட்டளைக்கு முன்னால், டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கிற ஐஓநைஸ் போட்டு, ஐடில் வகுப்பில் ஓடவிட்டால் மற்றவர்களுக்கு வழிவிடுமே? இவ்வளவு நோண்ட வேண்டியதில்லை.

திருநகர்_சிசாட்மின்:

பலரும் இதை நம்பி ஏமாந்திருக்கிறார்கள், நான் உட்பட. காப்பி கட்டளை நேராக டிஸ்க்கில் எழுதுவதில்லை, ரேமில் எழுதிவிட்டுப் போய்விடும். இன்னும் டிஸ்க்குக்குப் போகாத அந்த அழுக்குப் பக்கங்களை டிஸ்க்குக்குக் கொண்டுபோவது கர்னலின் சொந்த ஃப்ளஷர் த்ரெட். ஐஓநைஸ் காப்பி கட்டளையின் மேல் ஒட்டிய சீட்டு, ஃப்ளஷரிடம் அந்தச் சீட்டு இல்லை. இவருக்கு வாசிப்போ யூஎஸ்பி கார்டிலிருந்து வருகிறது. அதனால் ஐஓநைஸுக்கு இங்கே வேலையே இல்லை.

வேகத்தைக் கட்டுவதென்றால் ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில் பிடபிள்யூலிமிட் உண்டு. அது வாய்க்காலின் தலைப்பிலேயே தண்ணீரைக் குறைக்கிற வேலை என்பதால் நிச்சயம் பலிக்கும்.

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

இரண்டையும் பழையபடி மாற்றினேன். வரிசை நீளம் 30-க்கு இறங்கியது, எழுத்துக் காத்திருப்பு 340. காப்பி வேகம் அதே 40 எம்பி சுமாருக்குத்தான் இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். ஆனால் பில் இன்னும் 8, 10 விநாடி எடுக்கிறது. ஒரு காத்திருப்பு 340 மில்லிவிநாடி என்றால் பில்லுக்கு ஒரு விநாடிதானே ஆக வேண்டும்?

திருநகர்_சிசாட்மின்:

நல்ல கேள்வி. ஐஓஸ்டாட் பார்ப்பது கர்னல் வரிசைக்குள் வந்தவர்களை மட்டும். அதற்கு முன்னால் ரேமில் இன்னொரு கூட்டம் நிற்கிறது, அதை ஐஓஸ்டாட் எண்ணாது. மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி என்ற வரியைப் பாருங்கள்.

இயல்பாக டர்ட்டி_ரேஷியோ 20, பின்னணிக்கு 10. இருக்கிற நினைவகத்தில் அத்தனை விழுக்காடு அழுக்காகலாம் என்று பொருள். 16 ஜிபி ரேமில் அது 3 ஜிபியை நெருங்கும். விநாடிக்கு 40 எம்பி எழுதுகிற டிஸ்க்குக்கு அது 75 விநாடி வேலை. ரேம் 1 ஜிபி இருந்த காலத்தில் இந்த விழுக்காடு யாரையும் கடித்திருக்காது. எக்ஸ்ட்4 ஜர்னல் எல்லாக் கோப்புக்கும் பொதுவானது. பில்லின் கமிட்டோடு, இடம் ஒதுக்கியாகிவிட்ட வீடியோ டேட்டாவும் சேர்ந்து இறங்க வேண்டிவரும். அங்கேதான் உங்கள் மீதி விநாடிகள் போகின்றன.

விழுக்காட்டை விட்டுவிட்டு டர்ட்டி_பைட்ஸ் 256 எம்பி, டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் 64 எம்பி என்று வையுங்கள். மதிப்பைப் பைட்டில் எழுத வேண்டும். கட்டளையாக மட்டும் போடாமல் சிஸ்கண்ட்ரோல் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். அப்புறம் பிஎஃப்க்யூ என்ற இன்னொரு ஷெட்யூலரின் மாட்யூலை ஏற்றி அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் அதை ஷெட்யூலராக்கிப் பாருங்கள். 2017-இல் 4.12 கர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு வேலைக்கும் தனி வரிசை வைத்து முறை போட்டுக் கொடுக்கும், எஃப்சிங்க் எழுத்தையும் பின்னணி எழுத்தையும் பிரித்துப் பார்க்கும். எஸ்எஸ்டிக்கு எம்க்யூ-டெட்லைனே இருக்கட்டும். நிரந்தரமாக்க, சாதனத்தைக் கண்டதும் அமைப்பைப் போடுகிற யூடெவ் விதி எழுதும்போது சுழலும் டிஸ்க்குக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் சிஎஃப்க்யூ, நூப் என்ற பழைய ஷெட்யூலர்களைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் தேதியைப் பாருங்கள். அந்தப் பழைய ஒற்றை வரிசை அமைப்பையே 2019-இல் 5.0 கர்னலில் எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் 2014-இல் 3.13-இல் வந்த பல வரிசை அமைப்பு.

வாடிவாசல்:

சும்மா படித்துக்கொண்டிருந்தவன், ஒரு வரி மட்டும். பல வரிசை அமைப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டேக் கிடைத்தால்தான் நகர முடியும். எங்கள் ஊர் அலங்காநல்லூரில் மாட்டுக்கு டோக்கன் கொடுப்பது போலத்தான். டோக்கனை ஆயிரம் அச்சடிக்கலாம், வாடிவாசல் ஒன்றுதானே. என்ஆர்_ரிக்வெஸ்ட்ஸை 1024 ஆக்கியது டோக்கன் அச்சடித்த கதை.

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியம். டர்ட்டி_பைட்ஸ் மாற்றியதும் பில் 2, 3 விநாடிக்கு வந்தது. பிஎஃப்க்யூ போட்டதும் ஒரு விநாடிக்குள். எடிட்டர்களுக்கு டைம்லைன் லேசாக இழுக்கிறது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு கார்டும் காப்பியாக முன்பைவிட ஏழெட்டு நிமிடம் கூடுதலாகிறது. பையன்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

திருநகர்_சிசாட்மின்:

பில்லிங் டேட்டாபேஸை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டால் அதற்கு இந்தத் தொல்லை எதுவும் இருக்காது. முதல் நாளே சொல்லியிருப்பேன், சீசன் நடுவில் டேட்டாபேஸைத் தொடச் சொல்ல மனம் வரவில்லை.

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

ஆடி பிறந்துவிட்டது, கல்யாணம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிறேன். பில்லிங்கை எஸ்எஸ்டிக்கு மாற்றியாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி டிஸ்க் வைத்திருக்கிறேன். முதல் 20, 30 ஜிபி வேகமாகப் போகிறது, அப்புறம் 10 எம்பிக்கு விழுந்துவிடுகிறது. இதற்கும் க்யூதான் காரணமா?

திருநகர்_சிசாட்மின்:

மாடல் எண்ணை வைத்து அது எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குவது போல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதுகிற டிஸ்க்குகள் அவை. முதலில் தனியாக ஒதுக்கிய ஓர் இடத்தில் வேகமாக வாங்கிவைத்துக்கொள்ளும், அது நிறைந்ததும் பழைய அடுக்கைப் பிரித்து மறுபடி எழுத ஆரம்பிக்கும். அந்த வரிசை டிஸ்க்கின் வயிற்றுக்குள் இருக்கிறது, கர்னலில் எந்த எண்ணை மாற்றியும் அதை எட்ட முடியாது. பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சிம்மக்கல்_ஸ்டுடியோ:

பார்த்தேன், எஸ்எம்ஆர்தான். பேக்கப் ராத்திரிதான் ஓடுகிறது, விடிய விடிய ஓடட்டும். இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். அந்த வீடியோவுக்குப் போட்ட லைக்கையும் எடுத்துவிட்டேன்.