எச்-4 விசாவில் இருந்துகொண்டு கல்லூரி ஸ்காலர்ஷிப் தேடுவது எப்படி?

தூக்கணாங்குருவி:

அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். நான் பதினொன்றாவது படிக்கிறேன். ஆறாவதில் அமெரிக்கா வந்தேன். அப்பா எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்தவன் என்பதால் எச்-4. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறோம். நான் காலேஜ் முடிப்பதற்குள் அது வராது என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

பள்ளி கவுன்சிலர், "அடுத்த வருஷம் ஃபாஃப்சா நிரப்பு, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம் அது. வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தால் எச்-4க்கு அதில் இடமே இல்லை. அன்றிலிருந்து ஸ்காலர்ஷிப் தேடும் தளங்களில் உட்கார்ந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன். இரண்டு மாதத்தில் முப்பத்தொன்று போட்டாயிற்று. விளம்பர மெயில் மட்டும் தவறாமல் வருகிறது.

அப்பாவின் சம்பளம், உதவி கேட்டால் அதிகம் என்பார்கள், ஃபீஸ் கட்டப் போனால் போதாது. தங்கை இங்கே பிறந்தவள், எட்டாவது படிக்கிறாள். நான் எங்கே தேட வேண்டும்?

மழைக்கால மைனா:

தம்பி, முப்பத்தொன்றோடு நிறுத்து.

நானும் எச்-4தான். இப்போது கல்லூரியில் மூன்றாமாண்டு. பன்னிரண்டாவதில் 43 ஸ்காலர்ஷிப்புக்கு எழுதி இரண்டு வாங்கினேன். ஒன்று 500 டாலர், இன்னொன்று 1,500. அந்த ஆயிரத்து ஐந்நூறு வந்த அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். விவரத்தைக் கல்லூரிக்குத் தெரிவித்தேன், தெரிவித்தே ஆக வேண்டும். அவர்கள் எனக்குத் தருவதாக இருந்த கிராண்டில், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவியில், அதே 1,500ஐக் கழித்துக்கொண்டார்கள். நான் கட்ட வேண்டியதில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. கோடை முழுக்கக் கட்டுரை எழுதி, என் கல்லூரிக்கு நான் நன்கொடை கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு டிஸ்ப்ளேஸ்மென்ட் என்று பெயரே இருக்கிறது. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. பெரும்பாலான இடங்களில் அந்தந்தக் கல்லூரி வைத்ததுதான் விதி. "வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, உங்கள் கிராண்டைக் குறைப்பீர்களா?" என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடு. இதை நான் கேட்கவில்லை.

பெரிய தொகை கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. அதனால் நீ தேட வேண்டியது ஸ்காலர்ஷிப்பை அல்ல, கல்லூரியை. நம் விஷயத்தில் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேயே ஹைஸ்கூல் படித்த எச்-4 பிள்ளையைச் சில கல்லூரிகள் உள்ளூர் மாணவராக எடுத்துக்கொள்ளும், சில வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைக்கும். தளத்தில் பெரும்பாலும் தெளிவாக இருக்காது. பதிலை மெயிலில் எழுத்தாக வாங்கி வை.

வெளிநாட்டு மாணவர் என்றாலும் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகள் கொஞ்சம் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் அந்த வகை. போடு, ஆனால் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். அவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டுவிடாதே. மற்ற பல தனியார் கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலே அது சேர்க்கை முடிவைப் பாதிக்கும். அடுத்தது மெரிட், அதாவது மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் உதவி. அலபாமா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் ஜிபிஏ என்ற பள்ளிச் சராசரிக்கும் எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணுக்கும் இவ்வளவு என்று அட்டவணையே போட்டிருப்பார்கள், வருமானம் கேட்க மாட்டார்கள். உங்கள் வீடு மாதிரி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு இதுதான் நிஜமான வழி என்பது என் கருத்து. எச்-4க்கும் அது பொருந்துமா என்பதை அதே மெயிலில் கேட்டுவிடு.

கல்லூரித் தளங்களில், உதவி போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011லிருந்து அது கட்டாயம். ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் போடும் கணக்கு, நம்மை உள்ளூர் மாணவராக எடுக்காத கல்லூரியில் அந்த எண்ணை நம்பாதே. ஃபாஃப்சா இல்லாவிட்டாலும், சொந்தப் பணத்தில் உதவி தரும் தனியார் கல்லூரிகள் பல சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற குடும்ப வரவு-சொத்து விவரப் படிவத்தைக் கேட்கும். அக்டோபர் 1 திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. பன்னிரண்டு கல்லூரி போட்டால் 201 ஆகிறது, அப்பாவிடம் இப்போதே சொல்லி வை. சேமிப்பு, வீடு, வரித்தாள் எல்லாம் கேட்பார்கள். நானும் அப்பாவும் மூன்று ராத்திரி உட்கார்ந்தோம், இரண்டாவது ராத்திரி பெரிய சண்டை.

ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் போடாதே. இடம் கொடுத்தால் போயே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட முடியாது. உதவி போதவில்லை என்று விலகலாம்தான், ஆனால் அந்தப் பேச்சை டிசம்பரில் பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஒரு கல்லூரி எனக்கு அனுப்பிய கடிதத்தில் உதவித்தொகை நிறையத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதில் 2,400 டாலர் வளாக வேலையில் நானே சம்பாதிக்க வேண்டியது. எச்-4இல் வேலை பார்க்கக் கூடாது! அந்த வரியை அடித்துவிட்டுத்தான் மொத்தத்தைக் கூட்ட வேண்டும்.

ரெண்டு பிள்ளைக்கு அப்பா:

மைனா நன்றாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் இடத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

தம்பி, உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடாதீர்கள். எச்-4 பிள்ளைகளுக்கும் மாநிலத்துக்காரர் கட்டணம் தரும் மாநிலங்கள் பல உண்டு. ஆனால் 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். அப்போதும் அதே கட்டணம் தொடருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். என் பெரியவன் விஷயத்தில் நான் கேட்டது கடைசி வருஷத்தில்.

உங்கள் தங்கை குடிமகள். அவள் ஃபாஃப்சா நிரப்பலாம், பெற்றோரின் விசா அதற்குத் தடையில்லை. ஒரே வீட்டில் ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைக்கு இரண்டு விதி. அதை நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தூக்கணாங்குருவி:

நன்றி அக்கா, நன்றி அங்கிள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தின் கட்டுரையில் விசா கதையை எழுதலாமா? பரிதாபம் தேடுவது போல் ஆகிவிடுமோ என்று பயம்.

மழைக்கால மைனா:

என் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. ஆங்கில ஆசிரியை படித்துவிட்டு, "இதில் உன் அப்பா இருக்கிறார், அரசாங்கம் இருக்கிறது, நீ எங்கே?" என்றார். அப்புறம் மாற்றினேன். கிரீன் கார்டு வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் தேதிகளை ஒன்பதாவதிலிருந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வந்தேன். தேதி பின்னால் போகும் மாதங்களுக்குச் சிவப்பு. அந்தக் கிராஃப் வரையப் போய்த்தான் எனக்குப் புள்ளியியல் பிடித்தது. அதை எழுதினேன். 650 சொல்தான் இடம், அழுவதற்கு இடமிருக்காது.

ஆகஸ்ட் 1 காமன் ஆப் திறக்கும்போது வரைவு கையில் இருக்கட்டும். ரெக்கமண்டேஷன் தரப்போகும் ஆசிரியர்களிடம் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடு. விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் ஸ்காலர்ஷிப் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வா.

தூக்கணாங்குருவி:

ஐந்து கல்லூரிக்கு மெயில் போட்டேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று உள்ளூர் என்கிறது, ஒன்று வெளிநாடு என்கிறது. இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன.